ஒரே நாளில் போன இரண்டு கம்புகள்

சென்றிக் காவல் சாவடியில் நின்ற ஆமிக்காரன் என் சிலம்படிக் கம்பை வாங்கி, நுனியிலிருந்து அடிவரை தடவிப் பார்த்துவிட்டு, மணல் மூட்டைகளுக்குப் பின்னால் எறிந்தான். பிறகு போகச் சொல்லிக் கையைக் காட்டினான். சண்டை பழகியவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான், தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன்.

நேராகப் போனது நண்பன் வீட்டுக்கு. அவன் துறைமுகத்தில் கிளார்க். கனடாவிலிருந்து வந்த ஒரு விளையாட்டுப் புத்தகம் அவனிடம் இருந்தது. அவன் கதை சொல்வான். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடப்போம். அடி விழுந்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள தாயக்கட்டை சொல்லவேண்டும். அதற்கு நாங்கள் எங்கே போவது? புளியங்கொட்டைகளில் எண் எழுதிப் பால்மா டின்னில் போட்டிருந்தோம். என் பாத்திரம் கைச்சண்டைக்காரன். எனக்கு அப்போதே தொப்பை. அவனுக்கு இல்லை.

அன்றைக்குக் கதையில் ஒரு பாலம், பாலத்தில் ஒரு பூதம்.

"கம்பால அடிக்கிறன்," என்றேன்.

"மச்சான், அது சரிவராது," என்றான் நண்பன், புத்தகத்தைப் புரட்டியபடி. "உன்ர ஆள் கையால அடிச்சா ஒருக்கா ரெண்டு அடி. கம்பெடுத்தா ஒண்டுதான். பலமும் பாதி."

"ஆர் சொன்னது?"

"புத்தகம்."

"எழுதினவன் கம்பைக் கண்டவனோ? முதுகைக் காட்டு. கையால ஒண்டு, கம்பால ஒண்டு போடுறன். எது நோகுதெண்டு நீயே சொல்லு."

"கம்பு எங்க?" என்று கேட்டான் எங்களோடு விளையாடிய, சல்லி ஊர் மீன்பிடிக்காரன்.

சென்றியில் நடந்ததைச் சொன்னேன். வழக்கமாக என் எல்லாத் தோல்விக்கும் சிரிக்கிறவர்கள், அன்றைக்குச் சிரிக்கவில்லை. அதில் எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வந்தது. வாள்காரனுக்கு வாளைக் கொடுத்தால் கெட்டிக்காரனாகிறான். என் ஆளுக்குக் கம்பைக் கொடுத்தால் பழகியதெல்லாம் மறந்துபோகுமாம். சிலம்படியில் கம்பு சுழற்றுகிறவனுக்கும் வெறுங்கையோடு நிற்கிறவனுக்கும் கால் வைக்கிற முறை ஒன்றுதான் என்று அந்தப் புத்தகத்துக்கு யார் சொல்வது?

"வெறுங்கையோட நில்லெண்டு சொல்ல ரோட்டில ஆள் இருக்கு," என்றேன். "இஞ்சையும் வேணுமோ?"

நண்பன் புத்தகத்தை மூடினான்.

"சரி. கம்புக்கும் ரெண்டு அடி. பலமும் கையின்ர பலந்தான். கொட்டையை எடு."

டின்னுக்குள் கையை விட்டு எடுத்தேன். ஒன்று.

ஒன்று வந்தால் கையிலிருக்கிற ஆயுதம் நழுவிப்போகும். அந்தச் சட்டம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

"கம்பு ஆத்துக்குள்ள போயிட்டுது," என்றான் சல்லிக்காரன். "கையெண்டா விழுந்திராது."

"நீதானே புத்தகத்தை மூடினனீ," என்று நண்பன்மேல் பாய்ந்தேன். "பிறகென்ன புத்தகச் சட்டம்? என்ர கம்பைத் தா." காலையில் சென்றியில் கேட்டிருக்கவேண்டிய அதே வார்த்தை, டின் கவிழ்ந்து கொட்டைகள் சிதற மேசையைக் குத்திய குத்தோடு இப்போதுதான் வந்தது.

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த நண்பனின் அக்கா எட்டிப் பார்த்தா.

"தம்பி, மெல்லமாக் கதையுங்கோ. ரோட்டால ஆமி போறாங்கள்."

நான் உடனே குரலைத் தாழ்த்தினேன். ஆனால் விடவில்லை. பூட்ஸ் சத்தம் ஜன்னலைத் தாண்டிப் போகும்வரை, நண்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, காதுக்குள் குசுகுசுவென்று என் கம்பைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.