பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னவர்கள்

ஐஃபெல் மலையில், 'ரிங்' என்கிற கார்ப் பந்தயப் பாதையைச் சுற்றியிருக்கிற எங்கள் ஊர்களில் பிழைப்பு இரண்டு வகை. வேகமாகக் கார் ஓட்ட வருகிறவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் கொடுப்பது ஒன்று. அவர்கள் ஓட்டி நொறுக்கியதை அள்ளிக்கொண்டு வருவது இன்னொன்று. ரோஸ்விதா இரண்டாவது வகை. மீட்பு லாரி ஓட்டுகிறாள். அதே இடத்தில் தொலைபேசி எடுப்பது என் வேலை. பல வருடமாக ஒரே அறையில் காபி குடிக்கிறோம்.

அவளைப் போலச் சந்தேகப்படுகிற ஒருத்தியை நான் பார்த்ததில்லை. தொழில் அப்படி. கம்பித் தடுப்பில் மோதி நிற்கிற எவரும் அவளிடம் சொல்வது ஒன்றுதான்: பிரேக் பிடிக்கவில்லை. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். பிறகு சாலையில் டயர் இழுத்த கறுப்புக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பாள். சக்கரத்தருகே குனிந்து, பிரேக் கருகிய வாடை வருகிறதா என்று முகர்வாள். பெடலைக் கையால் அழுத்திப் பார்ப்பாள். பெரும்பாலும் பிரேக்கில் குறை இருக்காது. தாமதமாக மிதித்திருப்பார்கள், அல்லது பயந்துபோய்ப் பாதியில் காலை எடுத்திருப்பார்கள். லாரியில் ஏறியதும் என்னைப் போனில் கூப்பிட்டு, "இன்னொரு புளுகன்" என்பாள்.

அவள் கணவர் எகான் அடுத்த பள்ளத்தாக்கில் சின்னப் பட்டறை வைத்திருந்தார். சாதாரண ஸ்போர்ட்ஸ் கார்களை டிராக்குக்குத் தயார் செய்து கொடுப்பார். சூடு தாங்குகிற பிரேக் பேடு, எளிதில் கொதிக்காத பிரேக் ஆயில், உடம்பைக் கவ்விப் பிடிக்கிற ஆழமான சீட்டு, தோளுக்கு மேல் வருகிற பெல்ட். உட்காரும் விதத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதுகைச் சாய்மானத்திலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீரிங்கின் உச்சியில் போய் விழ வேண்டும். பிரேக்கை முழுதாக மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். வாடிக்கையாளரை உட்கார வைத்து, இறக்கி, மறுபடி உட்கார வைப்பார். அவர்கள் அலுத்துப்போனாலும் விடமாட்டார்.

ஓர் அக்டோபர் ஞாயிறு மதியம் மரைக்கே என்ற பெண்ணின் கார் மோதியது. கோப்ளென்ஸ் நகரில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை, குள்ளமான பெண். அந்த மாதம்தான் எகான் அவளுடைய பச்சைக் காருக்குப் புது பிரேக்கும் புதுச் சீட்டும் போட்டுக் கொடுத்திருந்தார். மேட்டைத் தாண்டி இறங்கும் இடத்தில் கார் நேராகப் போய்த் தடுப்பில் இடித்திருந்தது. மணிக்கட்டும் கணுக்காலும் முறிந்து, ஆம்புலன்ஸுக்காகப் புல்லில் உட்கார்ந்திருந்தாள்.

ரோஸ்விதா அங்கே போய்ச் சேர்ந்ததும் மரைக்கே அவளிடம் சொன்னாளாம்: "பெடல் என்னை விட்டுத் தள்ளிப் போயிடுச்சு. யாரோ பின்னாலேர்ந்து இழுத்த மாதிரி இருந்துச்சு."

அதிர்ச்சியில் உளறுகிறாள் என்று ரோஸ்விதா எடுத்துக்கொண்டாள். பெடலை அழுத்திப் பார்த்தாள்; கல் மாதிரி கெட்டியாக நின்றது. வாடை இல்லை. பிறகு காரை லாரியில் ஏற்றுவதற்காக, ஸ்டீரிங்கைப் பிடிக்க உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

நொறுங்கிய கார்களை நிறுத்தி வைக்கிற எங்கள் முற்றத்துக்கு வந்து காபியை ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "ஈஸி சேர்ல படுத்த மாதிரி ஓட்டியிருக்கா. நான் சீட்டைத் தள்ளாமலே சுகமா உட்கார்ந்தேன். அவ காலு எப்படி எட்டும்? இதுல எகான் மேல பழி வரப்போகுது, பாரு."

ரோஸ்விதா நெடுநெடுவென்று வளர்ந்தவள். அவளுக்குச் சரியாக இருந்த சீட்டு அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சரியாக இருக்கும்? நானும் சிரித்தேன். செய்தி ஊரில் பரவியது. பேக்கரியில் நின்றவர்கள், குள்ளச்சிக்கு எதற்கு ரேஸ் கார் என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை எகான் முற்றத்துக்கு வந்தார். பிரேக்கை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லி என்னிடம் சாவி வாங்கிக்கொண்டார். திரும்பக் கொடுக்கும்போது முகம் வெளுத்திருந்தது. பிரேக்கில் ஒன்றுமில்லை என்றார். வழக்கமாகக் காபி கேட்பவர், கேட்காமல் போய்விட்டார்.

மதியம், மரைக்கேயின் பையை எடுத்துக் கொடுத்தனுப்ப ரோஸ்விதா அந்தக் காரைத் திறந்தாள். சீட்டு முன்னால் இருந்தது. ஸ்டீரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் அவள் தொடையே நுழையாது. கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். உள்ளே வந்து என்னிடம் யாருக்குச் சாவி கொடுத்தேன் என்று கேட்டாள். சொன்னேன். வேறு யாருக்காவது? இல்லை என்றேன். நிஜமாகவா என்று மறுபடி கேட்டாள்; என்னையும் சந்தேகப்படுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது.

பிறகு மேஜையில் உட்கார்ந்து யோசித்தாள். மணிக்கட்டையும் முழங்காலையும் பார்க்காமல் எகான் எவரையும் பட்டறையை விட்டு அனுப்ப மாட்டார். அந்தப் பெண்ணை அவ்வளவு தள்ளி உட்கார வைத்திருக்கவே முடியாது. அவளே தள்ளிக்கொண்டிருந்தால், வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் கிளட்சு எட்டாமல் எப்படி ஓட்டி வந்தாள்? இவ்வளவையும் என்னிடம் சொல்லிவிட்டு, "அவ என்ன சொன்னா தெரியுமா? பின்னாலேர்ந்து இழுத்த மாதிரின்னு" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

அன்று மாலை வீட்டில் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எகான் உருளைக்கிழங்கு அடை சுட்டுக்கொண்டிருந்தார். அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"சீட்டை ஏன் முன்னால தள்ளின?"

"எந்தச் சீட்டு?"

"எகான்."

அவர் அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னார். சீட்டு சறுக்குகிற தடத்தில் இரண்டு பக்கமும் பூட்டு உண்டு. காரின் தரை சமமாக இல்லாத இடத்தில் போல்ட்டை இறுக்கியதில் ஒரு தடம் லேசாக முறுகியிருந்தது. அந்தப் பக்கப் பூட்டு விழுவது போலச் சத்தம் கேட்கும், ஆனால் பல்லின் நுனியில்தான் நிற்கும். பட்டறையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. மேட்டைத் தாண்டும்போது கார் லேசாகும். அந்த நொடியில் முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தால், மிதிக்கிற காலே ஆளைச் சீட்டோடு பின்னால் தள்ளிவிடும். அடுத்த பக்கப் பூட்டும் தாங்கவில்லை. காலையில் சீட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

"முழுசாப் பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

"யார்கிட்ட?"

அடை தோசைக்கல்லிலேயே ஆறிப்போனது.

அடுத்த நாள் இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். அறைக்குள் எகானே சொன்னார், ஒன்றையும் மறைக்காமல். மரைக்கே குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு அவரைப் பார்க்காமல் ரோஸ்விதாவைப் பார்த்தாள்.

"நான் அன்னிக்கே உங்ககிட்ட இதைத்தானே சொன்னேன்?"

"சொன்னீங்க. நான் நம்பல. ஊர்லயும் வேற மாதிரி பேசிட்டேன்."

"தெரியும். காதுல விழுந்துச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருவரும் மன்னிப்பு கேட்டார்கள். அவர்கள் கொண்டுபோன பிளம் கேக்கை நர்ஸிடம் கொடுத்துவிட்டாள்.

எகான் அந்தக் குளிர்காலம் முழுவதும் தான் சீட்டு மாட்டிய கார்களையெல்லாம் ஒவ்வொன்றாக வரவழைத்துப் பிரித்துப் பார்த்தார். இன்னொரு காரிலும் தடம் முறுகியிருந்தது. அதன்பின் பலர் அவரிடம் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவரும் புதுச் சீட்டு போடுவதை விட்டுவிட்டு, பிரேக் வேலை மட்டும் செய்கிறார்.

மரைக்கே வசந்தத்தில் வேறு காரோடு திரும்பி வந்தாள். பட்டறைப் பக்கம் போகவில்லை. எங்கள் முற்றத்துக்கு வந்து, ரோஸ்விதாவைக் கூப்பிட்டு, தான் உட்கார்ந்தபடியே சீட்டை முழு பலத்தோடு பின்னால் இழுக்கச் சொன்னாள். ரோஸ்விதா காலைத் தரையில் ஊன்றி இழுத்தாள். அசையவில்லை. இருவரும் சிரிக்கவில்லை. மரைக்கே நன்றி சொல்லிவிட்டு டிராக்குக்குப் போனாள்.

ரோஸ்விதா மாறிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். இப்போதும் டயர் கோட்டைப் பார்க்கிறாள், சக்கரத்தை முகர்கிறாள். ஆனால் 'இன்னொரு புளுகன்' என்று என்னைக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. சந்தேகம் வீட்டுக்குள் குடியேறிவிட்டது. எகான் கடைக்குப் போய்வந்தால்கூட அவர் சொல்வதை ஒரு நிமிடம் நிறுத்தி எடைபோடுகிறாள். அது அவருக்கும் தெரியும்.

ஒருநாள் காபி குடிக்கும்போது அவளே சொன்னாள், தான் கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாரா என்று அவரிடம் கேட்டாளாம். கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன் என்றாராம்.

"நீ நம்பினியா?" என்றேன்.

"அவன் நல்லவன்தான்" என்றாள். அதற்குள் தொலைபேசி அடித்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கார். சாவியை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போனாள்.