மாமாவின் சைக்கிளுக்குப் பூட்டிய சாமான்கள்

துவிச்சக்கர வண்டி ஒன்றுக்குச் சட்டப்படி வேண்டியவை மிகச் சில. ஒரு மணி, பிறேக், முன்னால் வெளிச்சம், பின்னால் சிவப்புக் கண்ணாடி, நகரசபை கொடுக்கும் இலக்கத் தகடு. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்த காலத்தில் இந்த விதிகளைப் பலருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அம்மாவின் தம்பியான என் மாமா நினைவுக்கு வருவார். அவருடைய சைக்கிளிலும் இவையெல்லாம் இருந்தன. மற்றச் சாமான்களுக்கு நடுவே இவற்றைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

மாமா துறைமுகத்தில் எழுதுவினைஞர். எங்களோடு உவர்மலை வீட்டில் இருந்தார். அது இறக்குமதி நின்றுபோயிருந்த காலம். சைக்கிளுக்கு ஒரு ரியூப் வேண்டுமென்றால் கூட்டுறவுச் சங்கத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, கடவுளையும் வேண்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் ரியூப் தவிர்ந்த எல்லாம் மாமாவுக்குக் கிடைத்தன. கப்பற்காரர்களுக்கு இளநீரும் மாம்பழமும் கொடுத்து, அவர்கள் வேண்டாமென்று எறிய இருந்தவற்றை வாங்கி வருவார்.

ஹான்டிலில் ஒரு திசையறி கருவி இருந்தது. எங்கள் ஊரில் கிழக்கே போனாலும் கடல், தெற்கே போனாலும் கடல். பாடுபட்டாலும் வழி தவற முடியாது. அந்தக் கருவி வடக்கைக் காட்டவுமில்லை. ஹான்டிலின் இரும்புக்கு மயங்கி எந்நேரமும் மாமாவின் வயிற்றையே காட்டியது. பக்கத்தில் ஒரு வேகமானி. அதன் முள் முப்பதில் இறுகிப்போயிருந்ததால், சைக்கிள் சுவரில் சாத்தியிருந்தபோதும் மாமா முப்பது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். மணிகள் மூன்று. அதற்கு மேல் ஒரு சின்னக் காற்றாடி. சைக்கிள் ஓடும்போது அது சுற்றும், சுற்றும்போது ஓடுபவருக்குக் காற்று வரும் என்பது ஏற்பாடு.

"சைக்கிள் ஓடினாலே காத்து வருந்தானே?" என்று அப்பா கேட்டார்.

"அது சும்மா காத்து அத்தான். இது விசிறின காத்து."

அப்பா பத்திரிகையை விரித்துக்கொண்டார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலானது தகரக் கை. பிஸ்கட் தகரத்தை வெட்டி, சிவப்பு மை பூசி, விரல்கள் தெளிவாகத் தெரியும்படி மாமாவே செய்த இரண்டு கைகள். ஹான்டிலின் இரு புறமும் கீழே தொங்கும். அவற்றில் கட்டிய, மீன்பிடிக்கிற தங்கூசி நூலை இழுத்தால் ஒன்று மேலெழுந்து, திரும்பப் போகிற பக்கத்தைக் காட்டும். சொந்தக் கையை நீட்டினால் போதாதா என்று உலகம் கேட்டது. கையை நீட்டினால் மணியை யார் அடிப்பது என்று மாமா திருப்பிக் கேட்டார். மணிக்கும் பிறேக்குக்குமே அவருடைய கைகள் போதாமையால், தங்கூசியை இழுக்க இன்னோர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான். பாரில் பூட்டியிருந்த சின்ன ஆசனத்தில் இருந்து, "மருமகள், வலது!" என்றால் வலதையும், "இடது!" என்றால் இடதையும் இழுப்பேன். பின்னாளில் எத்தனையோ பதவி வகித்தேன். எதிலும் இவ்வளவு உடனடியாகப் பலன் தெரிந்ததில்லை.

மாமாவுக்குக் கலியாணம் ஒப்பேறாமல் இருந்தது. ஆளில் குறையில்லை. அரசாங்க வேலை, குடியில்லை, நல்ல உயரம். பெண் வீட்டார் விசாரிக்க வந்தால் முற்றத்தில் அந்தச் சைக்கிளைப் பார்ப்பார்கள். தேநீரை வேகமாகக் குடிப்பார்கள். போய்விடுவார்கள். கடைசியாக வந்த ஒருவர் படலையடியில் நின்று, "பெடியனுக்குச் சின்ன வயசில காய்ச்சல் ஏதும் வந்ததோ?" என்று அப்பாவிடம் இரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அந்த நிலையில்தான் உப்புவெளிப் பக்கத்திலிருந்து ஒரு பேச்சு வந்தது. பெண் ஆசிரியை.

"சாம்பல்தீவில படிப்பிக்கிறா. பஸ் வந்தா பஸ், வராட்டி வெயிலுக்கால நடை. அப்பிடி ஒரு பொறுமைசாலி," என்று அம்மா சொன்னா. "இதுவும் தப்பினா இவனுக்கு அந்தச் சைக்கிளைத்தான் கட்டிவைக்க வேணும்."

பெண் பார்ப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஓர் ஒழுங்குமுறை இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கோட்டைக்குள் இருக்கிற மலைக்கோயிலுக்கு இரு பகுதியும் தற்செயலாக வர வேண்டும். இந்தத் தற்செயல் ஒரு வாரத்துக்கு முன்பே தீர்மானிக்கப்படும். பெரியவர்கள் ஒருவரையொருவர் கண்டு வியப்படைய வேண்டும். பிறகு மழையைப் பற்றிக் கதைக்க வேண்டும். பெண் சாமியைப் பார்ப்பாள். மாப்பிள்ளை தூணருகே நின்று, பெண்ணைப் பார்க்காதவனாகப் பார்ப்பான். இருவரும் பேசக் கூடாது. பிடிக்காவிட்டால் எவரும் எவரையும் பார்க்கவே இல்லை என்றாகிவிடும், மானம் தப்பும். யாரோ நல்ல நிர்வாகி வகுத்த முறை என்று இன்றும் நினைக்கிறேன். அதற்கு வேண்டியது ஒன்றுதான். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கும்படி நடந்துகொள்ளக் கூடாது.

மாப்பிள்ளை எங்களோடு வாடகைக் காரில் வந்து இறங்கினால் தற்செயல் கெட்டுவிடும். தனியாகத்தான் வர வேண்டும்.

"நடந்து வா," என்றா அம்மா.

"உவ்வளவு தூரம் நடந்தா வேர்த்துக் கொட்டும் அக்கா. நனைஞ்ச கோழி மாதிரி அங்க போய் நிக்கிறதோ?"

"அப்ப அதில பூட்டின குப்பையெல்லாத்தையும் கழட்டு."

"குப்பையோ?"

"கழட்டடா!"

மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றினார். அதில் உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

என்னையும் ஏற்றிக்கொண்டு போகும்படி அம்மா சொன்னா. சின்னப் பிள்ளையோடு வருகிற ஆணைப் பார்த்தால் ஒழுக்கமாகத் தெரியுமாம். எனக்குத் தனியாக ஓர் உத்தரவு. "மாமா வாயைத் திறந்தா, வேட்டியில பிடிச்சு இழு."

கோட்டை வாசலில் நின்ற காவற்காரருக்கு நான் இடது தகரக் கையை உயர்த்திக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே விட்டார். ஏற்றத்தில் இறங்கித் தள்ளினோம். வழியில் மாமா ஒரு சீப்பு கதலி வாழைப்பழம் வாங்கியிருந்தார். கோயில் முன்றலுக்கு வந்ததும், பெண்ணுக்கு முன்னால் பழமும் கையுமாக நிற்பது அழகில்லை என்று தோன்றியதாக்கும், அதை ஹான்டிலிலேயே கொழுவிவிட்டு, சைக்கிளை மரத்தில் சாத்தினார்.

உள்ளே எல்லாம் முறைப்படி நடந்தது. அப்பாவும் பெண்ணின் தகப்பனும் ஒருவரையொருவர் கண்டு வியந்தார்கள்.

"இந்த முறை மழை பிந்துது போல."

"ஓம், ஓம். பிந்துதுதான்."

பெண் நீலச் சேலையில், கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றா. மாமா தூணருகே தூணாகவே நின்றார். நான் வேட்டி நுனியை ஆயத்தமாகப் பிடித்திருந்தேன், தேவை வரவில்லை. அம்மாவின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் தெரிந்தது. தீபாராதனையும் முடிந்தது.

அப்போதுதான் வெளியே மூன்று மணிகளும் ஒன்றாக அடித்தன.

கோட்டைக்குள் மான்கள் காலாகாலமாகத் திரிபவை. மனிதருக்கு அஞ்சாதவை, வாழைப்பழத்துக்கு உயிரை விடுபவை. கொம்பு வைத்த ஒரு கலைமான் ஹான்டிலில் தொங்கிய சீப்புக்குத் தலையை நீட்டியிருக்கிறது. பழம் வாய்க்குள் போனது. கொம்பு தங்கூசிக்குள் போனது. நாங்கள் வாசலுக்கு ஓடி வந்தபோது அது தலையை உதறிக்கொண்டிருந்தது. உதறும் ஒவ்வொரு தடவையும் வலது கை எழுந்தது, இடது கை எழுந்தது, மணிகள் கிணுகிணுத்தன, காற்றாடி சுழன்றது. மான் பின்வாங்கியது. சைக்கிளும் அதற்குப் பின்னால் முன்றலில் இழுபட்டு வந்தது. வேகமானி முப்பது என்று காட்டியிருக்கும்.

"என்ர கை! ஐயோ, கை முறியப் போகுது!" என்று கத்திக்கொண்டு மாமா ஓடினார்.

பெண்ணின் தாய், "ஆருக்குக் கை முறிஞ்சது?" என்று பதறினா. ஐயர் தட்டோடு வெளியே வந்தார். கோயிலில் நின்ற அத்தனை பேரும் வந்தார்கள். தற்செயல் என்ற ஏற்பாடு அத்தோடு முடிந்தது. எவர் எவருடைய மாப்பிள்ளை என்பது முன்றல் முழுவதற்கும் தெரிந்துபோயிற்று. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டா.

மாமா மானை அணைத்துப் பிடிக்கப் பார்த்தார். மான் அதை விரும்பவில்லை. அந்த நேரம் நீலச் சேலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. அந்த அக்கா நேராகப் போய்ச் சைக்கிளைத் தூக்கி நிமிர்த்தினா. இழுவை குறைந்து தங்கூசி தளர்ந்ததும் மான் தலையைத் தாழ்த்தி, கொம்பைக் கழற்றிக்கொண்டு, மிச்சப் பழத்தையும் எடுத்துக்கொண்டு போனது.

இப்போது சைக்கிளின் ஒரு பக்கத்தில் அவ, மறுபக்கத்தில் மாமா, நடுவில் நான். நேரே பேசக் கூடாது என்ற விதியை அவ மீறவில்லை. என்னிடம்தான் கேட்டா.

"பிள்ளை, இது என்ன?"

"திசை பாக்கிறது."

"மாமா எங்க போறவர்?"

"துறைமுகத்துக்கு."

"துறைமுகம் எந்தப் பக்கமெண்டு அவருக்கு இன்னும் பிடிபடேல்லையோ?"

மாமா வானத்தைப் பார்த்தபடி, "அது அவசரத்துக்கு எண்டு சொல்லு பிள்ளை," என்றார். நான் வேட்டியை இழுத்தேன். உத்தரவு உத்தரவுதானே.

"இது?"

"காத்தாடி. விசிறின காத்து வரும்."

அவ உதட்டைக் கடித்துக்கொண்டா. "இது நேரம் காட்டுறதோ?"

"இல்லை, வேகம். எப்பவும் முப்பது."

"நல்லது. அவசரமில்லாத ஆள்." பிறகு பின்பக்கம் போய்க் கரியரைப் பார்த்தா. அதில் ஒரு மரப்பெட்டி ஆணி அடித்துப் பூட்டியிருந்தது. "இதுக்குள்ள என்ன?"

"இதுகள் பழுதானாத் திருத்துற சாமான்."

"அப்ப பின்னால ஒருத்தரும் ஏறுறேல்லையோ?"

"ஏற இடமில்லை," என்று பெருமையாகச் சொன்னேன்.

மாமா வாயைத் திறந்தார், வேட்டியை இழுக்கத் தேவையில்லாமல் தானே மூடிக்கொண்டார். அந்த அக்கா பெட்டியை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத் தாயோடு படி இறங்கிப் போய்விட்டா.

வீடு வந்து சேர்ந்ததும் அம்மா குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதா. "உப்புவெளி முழுக்க இண்டைக்கு இதுதான் கதை. இனி ஆரடா உனக்குப் பொம்பிளை தருவினம்? கேட்டியோ, உன்னைத்தான்!" அப்பா பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்தபடி இருந்தார். வழக்கமாக வாதாடுகிற மாமா முற்றத்தில் சைக்கிளடியில் போய் நின்றார். சாப்பிடவும் வரவில்லை.

அடுத்த நாள் காலை முற்றத்தில் ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டது. மாமா கரியரிலிருந்த பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். எத்தனையோ பேர் எத்தனையோ வருடமாகச் சொல்லியும் அந்தக் கண்ணாடியைத் தவிர ஒரு புரியாணியைக் கூடக் கழற்றாத மனிதர். ஏன் என்று கேட்டேன்.

"பாரம் கூடிப்போச்சு மருமகள்."

பெட்டி இருந்த இடத்தில் தும்பு அடைத்த ஒரு மெத்தை வந்தது. அது எனக்கென்றே நினைத்தேன். மாமா என்னைத் தூக்கி அதில் இருத்தி, முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்.

"குலுக்குதோ?"

"இல்லை."

"உண்மையாச் சொல்லு. கிடங்கில விழேக்குள்ள இடுப்பு நோகுதோ?"

"இல்லை மாமா."

"கால் வைக்க இடம் காணுமோ? பிடிக்க ஏதும் வேணுமோ?"

மாமா என் சுகத்தைப் பற்றி அதுவரை ஒரு நாளும் விசாரித்ததில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கால் வைக்க இரண்டு கட்டை பூட்டினார். ஆசனத்துக்குப் பின்னால் பிடிக்க ஒரு வளையம் பூட்டினார். அப்படியே இரண்டு மூன்று நாள் போனது. உப்புவெளியிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

பிறகு ஒரு பின்னேரம், சுழலுகிற பின்சில்லின் இரு பக்கமும் கம்பியை அரைவட்டமாக வளைத்து, அதில் நெருக்கமாக வலை பின்னத் தொடங்கினார். அம்மா தேங்காய் துருவியபடி குசினியிலிருந்து சத்தம் போட்டா.

"ஓமெண்டும் வரேல்லை, இல்லையெண்டும் வரேல்லை, இவன் இன்னும் சைக்கிளோட மாரடிக்கிறான்! இப்ப என்னத்தையடா அதில கட்டுறாய்?"

கேட்டுக்கொண்டே முற்றத்துக்கு வந்தவ, சில்லையும் வலையையும் பார்த்தா. பிறகு குனிந்து தன் சேலைக் கரையைப் பார்த்தா. ஏச்சை விட்டுவிட்டு உள்ளே போய், மாமாவுக்குச் சீனி கூடப் போட்டுத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தா. சீனிக்குக் கியூவில் நின்ற காலம் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் தகப்பனார் தாமே நேரில் வந்தார். எதிர்பாராமல் இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார். படலையைத் திறந்தவர் முற்றத்தில் சாத்தியிருந்த சைக்கிளின் பின்சில்லைக் குனிந்து பார்த்தார், பிறகுதான் படியேறினார். தேநீரை ஆறுதலாகக் குடித்தார். மழையைப் பற்றி அப்பாவோடு நெடுநேரம் கதைத்தார்.

நான் முற்றத்தில் நின்று அந்த வலையை ஆராய்ந்தேன். அதற்கு என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை. நான் போட்டிருந்தது முழங்காலுக்கு மேல் நிற்கிற சட்டை. சில்லுக்குள் போய்ச் சிக்க என்னிடம் எதுவுமே இல்லை. மாமா அந்தச் சைக்கிளுக்குப் பூட்டிய அத்தனை சாமான்களிலும் அடியோடு பிரயோசனமில்லாதது இதுதான் என்று அன்று முடிவு செய்தேன்.