மூணு மிதி

என் வலது காலத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டவங்க எங்க லயத்துல நெறையப் பேரு உண்டு. அப்படியொண்ணும் அழகான காலில்ல. முட்டிக்குக் கீழ சூம்பிப் போயி, வெயில்ல காஞ்ச முருங்கைக்கா மாதிரி இருக்கும். இழுத்து இழுத்துத்தான் நடப்பேன். ஆனா அந்தக் காலுக்கு அப்படி ஒரு மவுசு. அம்மா செத்து இன்னும் ஒரு மாசம் ஆகல. அம்மாவ நெனச்சாலே இந்தக் காலுதான் கூட வருது.

அப்ப எனக்கு ஏழு வயசிருக்கும். அப்பா செத்தப்பெறகு அம்மா என்னைத் தூக்கிக்கிட்டு போடிப் பக்கத்துல இருந்து மலையேறி, ஏலப்பாறைக்கு மேல ஒரு எஸ்டேட்டுக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்க வந்துச்சு. எஸ்டேட்டு ஆளுங்களுக்கு வரிசையாக் கட்டியிருக்குற லயத்துல ஒரே ஒரு ரூம்பு. சொந்தம்னு அங்க யாருமில்ல.

காலையில ஆளெண்ணி வேலை பிரிக்கிற எடத்த நாங்க பெரட்டுன்னு சொல்லுவோம். அங்க போற பொம்பளைங்க எங்க வாசலத் தாண்டித்தான் போகணும். நான் வாசல்ல ஒக்காந்து வேடிக்கை பாப்பேன். ஒருநா கங்காணி பொண்டாட்டி என் மொகத்துல முழிச்சிட்டுப் போயி, சரிவுல வழுக்கி விழுந்து மணிக்கட்ட ஒடிச்சுக்கிட்டா. மழையில வழுக்குச்சுன்னு ஒருத்தரும் சொல்லல. நொண்டிப்புள்ள எதுர்க்க இருந்துச்சு, அதான்னாங்க. அதுலருந்து அம்மா என்னை உள்ள விட்டு வெளிய கொண்டி போட்டுட்டுப் போகும். எல்லாரும் மலைக்குப் போனப்பெறகு பக்கத்து ரூம்புப் பெரியம்மா வந்து தெறந்துவிடும்.

அதுவும் பத்தல. கங்காணியே வந்து, "மாசக் கடைசிக்குள்ள புள்ளைய ஊர்ல கொண்டு விட்ரு. ஆளுங்க பயப்படுது"ன்னுட்டுப் போயிட்டாரு. ஊர்ல இருந்தது அத்தை மட்டும்தான், அப்பாவோட அக்கா. அதுக்கே அஞ்சு புள்ளைங்க. அன்னிக்கு அம்மா என் துணியெல்லாம் எடுத்து மடிச்சு வச்சுச்சு. அப்புறம் எல்லாத்தையும் பிரிச்சுக் கொடியில போட்டுச்சு. மறுபடி மடிச்சுச்சு.

மூணு நாளு கழிச்சு, விடிஞ்ச நேரம் பைப்படியில ஒரே கூச்சல். நெறகொடத்தத் தூக்கி இடுப்புல வைக்கத் திரும்புன அம்மா, அப்படியே மடங்கி விழுந்துருச்சு. நிமிரவும் முடியல, பொரளவும் முடியல.

"இடுப்புப் புடிச்சுக்கிச்சு, கம்பவுண்டரக் கூப்பிடுங்க"ன்னு ஒருத்தி கத்துனா.

"அவரு வந்து என்ன பண்ணுவாரு, வெள்ளை மாத்திரை குடுப்பாரு. எம் மாமியா வயித்தால போனதுக்கும் அதே மாத்திரைதான்"னா இன்னொருத்தி.

கீழ கெடந்த அம்மா சொல்லுச்சாம், "என் மகளக் கூட்டியாங்க"ன்னு.

"அவ எதுக்குடி?"

"அவ காலு முன்னால வந்து பொறந்தவ."

தலைக்குப் பதிலா காலு மொதல்ல வந்து பொறந்தவங்க மூணு தடவ மிதிச்சா எப்பேர்ப்பட்ட இடுப்புப் பிடிப்பும் விட்ரும்னு எங்க சனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அப்படி ஒரு ஆளு எங்க இருக்குன்னு எஸ்டேட்டு எஸ்டேட்டா விசாரிச்சுக்கிட்டுப் போவாங்க.

"ஏண்டி, இத்தன நாளா மூச்சு விடலையே!"

"கண்ணு பட்டுரும்னுதான் சொல்லல."

பெரியம்மா ஓடி வந்து என்னைத் தூக்கிட்டுப் போச்சு. ஈரக் கல்லு மேல அம்மா குப்புறக் கெடந்துச்சு. சுத்தி அத்தன பொம்பளைங்க. கையில கட்டோட கங்காணி பொண்டாட்டியும் நின்னா. நான் இடது காலத் தூக்குனேன். அதுதான நல்ல காலு.

"அது இல்ல தங்கம், வலது காலு"ன்னு அம்மா மொனகுச்சு. "அதுதான் மொதல்ல வெளிய வந்துச்சு. ஒலகத்துக் காத்து மொதல்ல பட்டது அதுலதான். அதான் அது மெலிஞ்சு கெடக்கு."

எல்லாரும் என் காலையே பாத்தாங்க. அன்னிக்குத்தான் மொகஞ் சுளிக்காமப் பாத்தாங்க.

பெரியம்மா ரெண்டு கக்கத்துலயும் புடிச்சுக்கிட்டு என்னைத் தூக்கித் தூக்கி எறக்குச்சு. ஒண்ணு. ரெண்டு. மூணாவது மிதிக்கு என் காலுக்கடியில அம்மா முதுகு வெடவெடன்னு நடுங்குச்சு. பிடிப்பு வெளிய போகுதுன்னு நெனச்சேன்.

அம்மா எந்திரிச்சுச்சு. கொடிக்கம்பம் மாதிரி நேரா நின்னுச்சு. உருண்டு கெடந்த கொடத்த எடுத்து, திரும்ப நெறச்சு, இடுப்புல வச்சு, "வா புள்ள"ன்னுட்டு நடந்துச்சு. பின்னாடி யாரோ "ஆத்தாடி"ன்னாங்க.

ரூம்புக்குள்ள வந்து கதவச் சாத்தி, கொடத்த எறக்குச்சு. கீழுதட்டுல ரத்தம்.

"என்னம்மா இது?"

"பல்லு பட்ருச்சு. நீ பெரிய ஆளுடி"ன்னுச்சு. குனிய முடியாம, என்னைக் கட்டில்ல ஏறி ஒக்காரச் சொல்லி, அப்புறம் என் பாதத்தத் தூக்கிப் புடிச்சு முத்தங் குடுத்துச்சு. கொஞ்ச நேரத்துல கூடையத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போயிருச்சு. கொண்டி போடல.

அடுத்த வாரமே கங்காணி வந்தாரு, ஒரு பக்கமாச் சாஞ்சுக்கிட்டு. தொப்பியக் கழட்டி வச்சுட்டு எங்க ரூம்புத் தரையில குப்புறப் படுத்தாரு. மூணாவது மிதியில அவரு முதுகுல டொக்குன்னு ஒரு சத்தம். ஒடச்சுப்புட்டேன்னு நடுங்கிப் போயிட்டேன். அவரு எந்திரிச்சு, இடது பக்கம் திரும்பிப் பாத்தாரு, வலது பக்கம் திரும்பிப் பாத்தாரு. "எங்க பாப்பா கத்துக்கிட்ட?"ன்னாரு. "பொறக்கும்போதே"ன்னேன். ஊருக்கு அனுப்புற பேச்ச அதுக்கப்புறம் யாரும் எடுக்கல.

எனக்குத் தலைகால் புரியல. மிதிக்கிறதுக்கு முன்னாடி ஆரஞ்சு முட்டாய் கேப்பேன். கங்காணி பொண்டாட்டி வந்தா மட்டும், சாப்புட்டுக்கிட்டிருக்கேன்னு வேணும்னே வாசல்ல நிக்க வைப்பேன்.

அம்மாவுக்கும் நானாவே போயி மிதிப்பேன். கதவப் புடிச்சுக்கிட்டு நின்னா, "படும்மா"ம்பேன். அதுவும் படுக்கும். ஒவ்வொரு தடவையும் "போயிருச்சு தங்கம்"னு சொல்லும். மலைக்குப் போறப்ப எல்லாப் பொம்பளைங்களும் இடுப்புல சாக்கு கட்டுவாங்க. அம்மா மட்டும் அதுக்கு உள்ள அப்பாவோட பழைய வேட்டியக் கிழிச்சு ரெண்டு சுத்து இறுக்கிச் சுத்தும். கேட்டா குளிருக்குன்னு சொல்லும். குளிருற மலைதான, நம்புனேன்.

இப்பத்தான், மஞ்சக்காமாலையில அம்மா போயிருச்சு. ஊர்ல இருந்து அத்தை வந்து அதுதான் குளிப்பாட்டுச்சு. ஈரக் கையோட என் பக்கத்துல வந்து ஒக்காந்து, "ஏண்டி, உங்கம்மா தண்டெலும்பு இடுப்புக்கிட்ட படிக்கட்டு மாதிரி ஏறி எறங்கிக் கெடக்கு. இத வச்சுக்கிட்டா இத்தன வருசம் கூடை சொமந்தா?"ன்னு கேட்டுச்சு.

"நான் மிதிச்சு விடுவேன் அத்தை. காலு முன்னால வந்தவதான நான்"னேன்.

அத்தை என்னையே பாத்துச்சு. "யாருடி சொன்னா? என் கையிலதான நீ விழுந்த. தலைதான் வந்துச்சு, நெறைய முடியோட. காலு ரெண்டும் கொழுக்கட்டையாட்டம் இருந்துச்சு. ரெண்டு வயசுல வந்த காச்சல்லதான்..." அத்தை ஈரக் கையால வாயப் பொத்திக்கிச்சு. அதுக்கும் புரிஞ்சு போச்சு.

பதினாறாம் நாளு காரியத்துக்கு வெறகு தூக்குன பக்கத்து லயத்துப் பொண்ணு ஒருத்தி, இடுப்பப் புடிச்சுக்கிட்டு வந்து நின்னா. "அக்கா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது..."ன்னு இழுத்தா. அத்தை என் மொகத்தப் பாத்துச்சு. நான் செவத்தப் புடிச்சு எந்திரிச்சேன். பாரமே போடாம மூணு தடவ பாதத்த வச்சு வச்சு எடுத்தேன்.

"விட்ருச்சுக்கா"ன்னு எந்திரிச்சா.

நான் அவ இடுப்பப் பாக்கல. ஒதட்டத்தான் பாத்தேன். நாளைக்கு வேலைக்குப் போகாத, ஆஸ்பத்திரியில காட்டுன்னு சொல்லி அனுப்புனேன்.

ஏழு வயசுலயும் ஒரு ஒதட்டப் பாத்தேன். ரத்தத்தையும் பாத்தேன். பல்லு பட்ருச்சுன்னு அம்மா சொல்லுச்சு. பல்லு எதுக்குப் பட்டுச்சுன்னு எனக்குக் கேக்கத் தெரியல.