ஒரு லாரிச் சேற்றுக்கு ஒரு பாக்கெட் உப்பு

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களை வடிவமைத்துக் கட்டிக் கொடுக்கிறேன் என்பேன். கேட்டவர் முகம் அதற்குள் பாதி சுருங்கியிருக்கும். சூரமங்கலத்தில் நாங்கள் இருக்கும் ரயில்வே குடியிருப்பில் என் பெயர் "சாக்கடை இன்ஜினியரம்மா". சாக்கடையை உண்டாக்குகிறவருக்கு ஊரில் முதலாளி என்று பட்டம், அதைச் சுத்தம் செய்கிறவளுக்கு இந்தப் பட்டம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பல வருடங்கள் சேலத்தில் ஒரு கம்பெனியில் இருந்தேன். நிலையத்துக்குப் படம் நான் போடுவேன், கையெழுத்தை மேலாளர் போடுவார். ஒரு நாள் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை முற்றி, வேலையை விட்டுவிட்டு வந்தேன். ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை பிடித்துச் சொந்தப் பலகை மாட்டினேன். கிளம்பும்போது மேலாளர் சிரித்துக்கொண்டே, "தீபாவளிக்குள்ள திரும்பி வந்துருவீங்க. உங்க நாற்காலிய யாருக்கும் கொடுக்க மாட்டேன்" என்றார். அந்தச் சிரிப்பு என் தூக்கத்தைக் கெடுத்தது. என் புது அலுவலகத்தில் இருந்ததோ ஒரே ஒரு நாற்காலி. வருகிறவர்கள் கவிழ்த்து வைத்த பெயிண்ட் டப்பாவில்தான் உட்கார வேண்டும்.

அந்த டப்பாவில் முதலில் வந்து உட்கார்ந்தவர் நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர். மோகனூர் போகும் வழியில் முட்டைப் பொடி ஆலை ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். ஆலைக் கழிவுநீருக்குச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். அது ஒழுங்காக ஓடுகிறது என்று அதிகாரிகள் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் ஆலை ஓடலாம். இது என் கையெழுத்தில் எழும் முதல் நிலையம். தேறினால் அடுத்த வேலை வரும். தேறாவிட்டால் மேலாளர் காத்திருக்கும் அந்த நாற்காலிதான் கதி.

நிலையம் கட்டி முடித்ததும் அவரைத் தொட்டி ஓரமாக நிறுத்தி விளக்கினேன். "இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்குதுங்க. அழுக்கைத் தின்னு வாழும். நேரத்துக்குத் தீனியும் காத்தும் கொடுத்தாப் போதும்."

"எத்தனை உருப்படிங்க இருக்கும் அம்மிணி?"

"எண்ண முடியாதுங்க. கோடானுகோடி."

"ஒரே ஷெட்டுலயா!" என்று வாயைப் பிளந்தார்.

அன்றிலிருந்து என் தொட்டி அவருடைய இன்னொரு கோழி ஷெட் ஆகிவிட்டது. வாசலில் கிருமிநாசினித் தண்ணீர்ப் பள்ளம் வெட்டி, செருப்பு நனைக்காமல் யாரையும் உள்ளே விடவில்லை. தொட்டிப் பக்கம் யாரும் சத்தம் போடக் கூடாது. கோழி மிரண்டால் முட்டை குறையுமாம். இவை மிரண்டால் என்ன குறையும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் கான்கிரீட் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தால் திரும்பிக்கூடப் பார்க்காத முதலாளிகளைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். இவரை நினைத்து உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சோதனை ஓட்டமும் தொடங்கியது. அடுத்த வியாழக்கிழமை தண்ணீர் மாதிரி எடுக்க வருகிறோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். இடையில் திருச்செங்கோட்டில் என் நாத்தனார் மகள் கல்யாணம். முதல் நாள் பெண்ணழைப்பு, மறுநாள் முகூர்த்தம். கைப்பேசி பட்டுப்புடவைப் பெட்டிக்குள் கிடந்தது. வெள்ளிக்கிழமை காலையில் எடுத்துப் பார்த்தால் திரை முழுக்கப் பண்ணைக்காரர் அழைப்பு. தலையில் வைத்த பூவோடு அப்படியே மோகனூர் சாலைக்கு ஓடினேன்.

நன்றாக ஓடும் தொட்டி காப்பிக் கொட்டை நிறத்தில் இருக்கும், ஈர மண் வாசம் அடிக்கும். அன்றைக்கு அது சாம்பல் நிறத்தில் கிடந்தது. அழுகிய முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கியது. முட்டை ஆலைதானே, எங்கோ ஒரு தட்டு முட்டை உடைந்திருக்கும் என்று ஒரு கணம் என்னை நானே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தேன்.

"என்னங்க ஆச்சு?"

"சீக்கு வந்துருச்சுங்க அம்மிணி. நுரை நுரையாத் தள்ளுச்சு. உங்களுக்குப் போன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன், எடுக்கலீங்க. சும்மா பாத்துட்டு நிக்க மனசு கேக்குமுங்களா? நானே வைத்தியம் பண்ணிப்போட்டனுங்க."

"என்ன வைத்தியம்?"

"நம்ம கோழிக்குத் தண்ணியில கலந்து குடுக்கறதுதானுங்க. நல்ல மருந்து. என்ன கிருமியா இருந்தாலும் கொன்னுபோடும்."

"கிருமியக் கொல்லுமா?"

"ஒண்ணு விடாதுங்க."

"நம்ம தொட்டியில இருக்கறது என்னங்க?"

அவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தொட்டியைப் பார்த்தார். "அட சாமீ" என்று தோள் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்வது போலத் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார்.

புதுத் தொட்டியில் நுரை வருவது சீக்கே அல்ல. உள்ளே இருப்பவை வளரும்போது சில நாட்கள் நுரைக்கும், தானாக அடங்கிவிடும். இதை அவரிடம் முன்பே சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை. கத்த வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவர் தணிந்த குரலில், "ஒண்ணுகூடவா தப்பலைங்க?" என்று கேட்டார். கோடானுகோடி உயிர்களுக்காக ஒரு மனிதர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஒரே வழிதான் இருந்தது. மருந்துத் தண்ணீரைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டு, நன்றாக ஓடும் வேறொரு நிலையத்திலிருந்து உயிருள்ள சேற்றைக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பால் ஆலை நினைவுக்கு வந்தது. அதன் நிலையத்துக்குப் பழைய கம்பெனியில் படம் போட்டவளே நான்தான். ஆலையை நடத்தும் அம்மாவுக்குப் போன் செய்ததும், "அந்தச் சேறுங்களா? தாராளமா வந்து அள்ளிக்கோங்க" என்றார். கழிவுநீர் லாரிக்கு அலைந்ததில் பகல் கழிந்துவிட்டது. கிடைத்த ஒரு லாரிக்காரரும், நாளைக்கு முழுக்கக் கல்யாண மண்டபத்தில் வேலை, இன்றைக்கு விட்டால் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். நானும் பண்ணைக்காரரும் லாரியும் போய்ச் சேரும்போது, ஆலையை ஒட்டியிருந்த அவர்கள் வீட்டில் விளக்கு ஏற்றிவிட்டார்கள்.

அந்த அம்மா மஞ்சள் பூசிய முகத்தோடு வெளியே வந்தார். குழாயை மாட்டும்போது வெறும் ஆவலில் கேட்டார். "ஏனுங்க, இந்தச் சேத்தக் கொண்டுபோயி என்ன பண்ணுவீங்க?"

நான் சும்மா இருந்திருக்கலாம். விளக்கம் சொல்வதென்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். "பாலுக்கு உறை ஊத்தறோமில்லீங்களா, அந்த மாதிரிதான். உங்க ஊட்டு உறைய வாங்கிட்டுப் போயி அவரு தொட்டியில ஊத்தறோம். பத்திக்கும்."

அவர் முகம் மாறியது. "உறைங்களா?"

"ஆமாங்க."

"குழாயக் கழட்டுங்க சாமி. வெள்ளிக்கெழமை அதுவுமா, வெளக்கு வெச்ச பொறவு உறைய வெளிய குடுக்கறதில்லைங்க. லட்சுமி போயிருவா."

"ஐயோ, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க. இது உறையெல்லாம் இல்லை. வெறும் குப்பை."

"வெளக்கு வெச்ச பொறவு குப்பையக்கூடப் பெருக்கி வெளிய தள்ள மாட்டமுங்க."

இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டார். கடைசியில் அவருக்கே எங்களைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "சும்மா எடுத்துட்டுப் போறதுதான் ஆகாதுங்க. பதிலுக்கு ஊட்டுக்கு ஏதாச்சும் வந்தாச் செரி" என்றார்.

பண்ணைக்காரர் முகம் மலர்ந்தது. "வண்டியிலயே இருக்குதுங்க! எத்தனை தட்டு வேணும்?"

"வெள்ளிக்கெழமை ஊட்டுக்குள்ள முட்டையா!" என்று அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டார். முட்டையைத் தவிர வேறு எதுவும் கொடுத்துப் பழக்கமில்லாத மனிதர் திருதிருவென்று விழித்தார்.

"கல்லுப்பு வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கெழமை உப்பு வந்தா ஊட்டுக்கு நல்லது."

ஊரில் பாதிப் பேருக்கு முட்டை அனுப்புகிற பண்ணைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டிக்கடைக்கு ஓடினார். ஒரு பாக்கெட் கல்லுப்போடு மூச்சு வாங்க வந்தார். அந்த அம்மா அதை இரண்டு கையிலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, விளக்குக்கு முன்னால் வைத்துவிட்டு வந்து, "இப்ப எடுத்துக்கோங்க" என்றார். லாரி நிறையச் சேற்றை உறிஞ்சிக்கொண்டு கிளம்பி, மருந்துத் தண்ணீரை மாற்றிவிட்ட தொட்டியில் இரவோடு இரவாக ஊற்றினோம்.

மறுநாள் காலையில் பண்ணைக்காரர் ஒரு சாவியை என் கையில் வைத்தார். மருந்து அலமாரிச் சாவி. "நீங்களே வெச்சுக்கோங்க அம்மிணி. என் கை சும்மா இருக்காது." அந்த வாரம் முழுக்கத் தினமும் போனேன். சாம்பல் நிறம் மெல்ல மெல்லப் பழுப்பானது. புதன்கிழமை அவர் ஒரு கண்ணாடித் தம்ளரில் மொண்டு முகர்ந்து பார்த்தார். "நம்ம காட்டுல கோடை மழை பேஞ்ச வாசமுங்க" என்றார். நான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை வந்த அதிகாரியைப் பண்ணைக்காரர் செருப்பை நனைக்க வைத்துத்தான் உள்ளே விட்டார். அதிகாரி வெளியேறும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். தெளிவாக இருந்தது. "பரவாயில்லையே. இதுக்கு என்ன மருந்து போடறீங்க?" என்று கேட்டார்.

"மருந்துங்களா?" பண்ணைக்காரர் குரல் தொட்டிக்கு அப்பால் வரைக்கும் கேட்டது. "அந்தப் பேச்சையே இங்க எடுக்காதீங்க!"

மாதிரி தேறி, அனுமதியும் வந்தது. ஆனால் ஊர் உடனே என் அறையில் வந்து குவிந்துவிடவில்லை. பெயிண்ட் டப்பா காலியாகவே கிடந்தது. ஆடி பிறந்தது. தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ண ஆரம்பித்தேன்.

ஆடி நோன்பு முடிந்து ஒரு புதன்கிழமை காலை, பால் ஆலை அம்மா போன் செய்தார். நோன்புத் திருவிழாவுக்குப் பல நாள் ஆலையை மூடிவிட்டு எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். தீனியில்லாமல் தொட்டி பட்டினி கிடந்து செத்துவிட்டது. "எங்க உறை உங்ககிட்ட இருக்குமுங்களா?"

பண்ணைக்காரரிடம் சொன்னேன். பகல் சாய்வதற்குள் கழிவுநீர் லாரி கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நின்றது. "பொறந்த ஊட்டுக்குப் போகுதுங்க. வெறும் வண்டியா அனுப்ப முடியுமா?" என்றவர், சற்றுத் தயங்கி, "புதன்கெழமை முட்டை ஆகுமுங்களா?" என்று கேட்டார். கேட்டுச் சொன்னேன். ஆகுமாம். முட்டைத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் காரில் போனோம்.

சேறு இறங்கியதும் அந்த அம்மா உள்ளே போய் அந்த உப்புப் பாக்கெட்டை எடுத்து வந்தார். பிரிக்கவே இல்லை. "உங்க பொருளு உங்களுக்கு" என்று என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார். "ஆலையப் பெருசாக்கப் போறமுங்க. உங்க பழைய மேனேஜருக்குப் போன் பண்ணுனேன். எங்க தொட்டிக்குப் படம் போட்டவங்க திரும்பி அவரு கம்பெனிக்கே வரப்போறாங்கன்னாரு. போட்டது நீங்களா அம்மிணி?"

"நான்தாங்க" என்றேன்.

"அப்ப இதையும் நீங்களே கட்டிக் குடுத்துருங்க. கையெழுத்தும் நீங்களே போட்டுக்கோங்க."

அன்று மாலை மேலாளருக்குப் போன் செய்தேன். "சார், என் நாற்காலிய இன்னும் வெச்சிருக்கீங்களா?"

அவர் குரலில் உற்சாகம் வழிந்தது. "அப்படியே இருக்குதும்மா. எப்ப வரீங்க?"

"நான் வரலீங்க. நாற்காலிய அனுப்பி வைங்க. இங்க வர்றவங்களுக்கு உட்கார இடமில்லை."

அவர் சிரித்துவிட்டார். மறுநாள் நாற்காலி ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியில் வந்து இறங்கியது. சும்மா வாங்கிக்கொள்வது ஆகாது என்பதால், அந்த உப்புப் பாக்கெட்டை வண்டிக்காரரிடம் கொடுத்து, "மேனேஜர் கையிலயே கொடுத்துருங்க" என்று சொல்லி அனுப்பினேன்.