சரீபின் இடது கை

1990இல் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்குக் கொண்டுவந்தபோது சரீபுக்கு நடக்கத் தெரியாது. ஆலங்குடாவில், அகதி முகாமின் ஓலைக் கொட்டில்களுக்கு நடுவே வளர்ந்தான். முகாம் மெல்ல ஊரானது. அவனும் ஆளாகி, உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாண வீடுகளுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டப் போன இடங்களில், இசைக்குழுக்காரர்கள் சாப்பிடப் போகும் இடைவெளிகளில் கீபோட்டைத் தொட்டுத் தொட்டுத்தான் வாசிக்கப் பழகினான். வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "பாட்டும் கூத்தும் சோறு போடுமா?" என்று கேட்டதோடு விட்டுவிட்டார்.

யுத்தம் முடிந்தபின் கரையோரம் முழுக்கக் கல்யாணங்களுக்கு இசைக்குழு கூப்பிடுவது கூடிற்று. மாம்புரிக் குழு ஒன்றில் சரீப் கீபோட் வாசிக்கப் போனான். அங்கே பாஸ் கிற்றார் வாசித்தவன் நிக்கொலஸ். கிழமை நாள்களில் கடலுக்குப் போவான்; சனி, ஞாயிறுகளில் மேடையில் சரீபின் இடது பக்கம் நிற்பான். அதிகம் கதைக்கமாட்டான். பாட்டு எங்கே திரும்பப் போகிறது என்பதை அவனுடைய தோளைப் பார்த்தே சரீப் தெரிந்துகொள்வான். ராகம் முழுவதையும் வலது கை பார்த்துக்கொள்ள, சரீபின் இடது கை அங்கங்கே இரண்டு கட்டைகளை அமுக்கிவிட்டுச் சும்மா இருக்கும். கீழே தரையைப் போல் நிக்கொலஸின் பாஸ் ஓடிக்கொண்டிருந்ததால் அதற்கு வேலை இருக்கவில்லை.

2012இல் அந்தக் கரையிலிருந்து பலர் அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறினார்கள். ஒருநாள் பயிற்சிக்குப் போனபோது, நிக்கொலஸும் போய்விட்டான் என்று குழுவின் பாடகர் சொன்னார். கிற்றாரையும் விற்றுவிட்டானாம். ஆள் போனதைவிட, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனதுதான் சரீபுக்கு வலித்தது.

சிலாபம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தார்கள். பாஸ் இல்லாத பைலா ஆட்டப்பாட்டு உப்பில்லாத சொதி மாதிரி. வேறு ஆள் தேட நேரமில்லை. "கீபோட்டிலயே பாஸும் வாசிக்கலாமாமே, பார்" என்றார் பாடகர்.

சரீப் கீபோட்டை வீட்டுக்குத் தூக்கிப்போனான். அதில் 'ஸ்பிளிட்' என்று ஒரு பட்டன் இருந்தது. அதுவரை அவன் அதைத் தொட்டதில்லை. அமுக்கியதும் கட்டைகளின் வரிசை கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் வயலின் அப்படியே இருக்க, இடது பக்கத்துக்கு அவன் பாஸ் கிற்றாரின் சத்தத்தைத் தேடி வைத்தான். முதலில் அது மெலிந்து ஒலித்தது. இடது பக்கத்தை மட்டும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கியதும் மேசை அதிர்ந்தது.

முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி ஜுனைதா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆரு வந்திருக்கிறது?"

"ஒருத்தரும் இல்ல. நான்தான்."

"ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி கேட்டிச்சு" என்றாள் அவள்.

கல்யாணத்தில் பாதிவரை எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு பாட்டில் வயலின் மேலிருந்து வழுக்கி இறங்கும் இடம் வந்தது. வலது கை வழக்கம்போல இறங்கிக்கொண்டே போய், பிரிவைத் தாண்டிவிட்டது. இழைந்துகொண்டிருந்த வயலின் 'டும் டும்' என்று முடிந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று சிரித்தார்கள். மாப்பிள்ளையின் மாமா அதைப் பகிடி என்று நினைத்து, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

அடுத்த நாள் சரீப் பிரிவை இன்னும் இடது பக்கமாகத் தள்ளினான். பாஸுக்கு இடம் குறைந்தது; ஆனால் போதும். அதை மெமரியில் பதிந்து வைத்தான். மெசினின் வேலை அதோடு முடிந்தது. கையின் வேலை முடியவில்லை. நிக்கொலஸின் வாசிப்பு காதில் இருந்தது, விரலுக்கு வரவில்லை. உப்பு வாரி முடித்து நிழலில் இருக்கும்போது தொடையில் தட்டிப் பழகினான். தொழுகையில் ஒருநாள் இடது கை விரல்கள் தாமாக அசைவதைக் கண்டு வெட்கப்பட்டு அடக்கினான்.

மாதங்கள் போகப் போக இடது கை பழகிக்கொண்டது. குழுவும் பாஸுக்கு வேறு ஆள் தேடுவதை விட்டுவிட்டது.

அடுத்த வருடம் நிக்கொலஸ் திரும்பி வந்தான். படகு ஒரு தீவில் கரை சேர்ந்ததாம். அங்கே தடுப்பு முகாமில் வைத்திருந்துவிட்டு விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஆள் இளைத்துப்போயிருந்தான். அண்ணனுடன் மீண்டும் கடலுக்குப் போனான். பயிற்சிப் பக்கம் வரவில்லை. சரீபும் போய்ப் பார்க்கவில்லை. போனால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவனுடைய இடத்தில் இப்போது தன் இடது கை இருந்தது.

தலவிலவில் ஒரு கல்யாணத்தில்தான் சந்தித்தார்கள். நிக்கொலஸ் பெண் வீட்டு ஆளாக வந்து, மேடைக்குக் கீழே ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றான். அவனைக் கண்டதும் சரீபின் இடது கை தடுமாறியது. வாசிப்பதா விடுவதா என்று தெரியாமல் அந்தப் பாட்டை எப்படியோ முடித்தான். சாப்பாட்டு நேரம் நேராக அவனிடம் போனான்.

"ஏன்டா சொல்லாமப் போனாய்?"

"சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டாய்."

நிக்கொலஸ் மேடையிலிருந்த கீபோட்டைப் பார்த்தான்.

"நான் வாசிச்ச மாதிரியே வாசிக்கிறாய், மச்சான்" என்றான் நிக்கொலஸ்.

"எனக்கு வேற மாதிரித் தெரியாது."

"ஒரு விசயம் சொல்லட்டா? வயலின் நீளுறதுக்கு நீ காலால பெடலை மிதிக்கிற நேரம் பாஸும் சேர்ந்து இழுபடுது. சேத்துல கால் வச்ச மாதிரி இருக்கு."

"மேல இருக்கிற எனக்கு அது விளங்கல்லையே."

"முன்னால நிண்டாத்தான் விளங்கும்."

இருவரும் மேடையேறி, மெசினின் மேல் குனிந்து தேடினார்கள். பெடல் வலது பக்கத்துக்கு மட்டும் வேலை செய்யும்படி வைக்க ஒரு வழி இருந்தது. அடுத்த பாட்டில் வயலின் நீண்டு இழைய, பாஸ் அதனடியில் அடி அடியாகத் தெளிந்து நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சரீப் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டான். ஜுனைதா தேத்தண்ணி கொடுத்துவிட்டு, இன்னொரு கதிரையைக் கீபோட்டின் இடது பக்கமாக இழுத்துப்போட்டாள்.

"நீ அந்தப் பக்கம் பிடி, நான் இந்தப் பக்கம்" என்றான் சரீப்.

நிக்கொலஸ் முயன்று பார்த்தான். எந்த ஸ்வரம் என்று மனதுக்குத் தெரிந்திருந்தது. விரல்களோ இல்லாத தந்தியைத் தேடி வளைந்தன. பாதிப் பாட்டில் கையை எடுத்துவிட்டான்.

"இதுல அமுக்கத்தான் இருக்கு, பிடிக்க ஒண்டும் இல்ல."

ஆனாலும் அதற்குப் பிறகு குழுவோடு வரத் தொடங்கினான். முதலில் வயர் சுற்றினான். பிறகு சத்தங்களைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் மெசினில் கைவைத்தான். சபைக்கு நடுவே நின்று, எது மங்குகிறது, எது மேவுகிறது என்று கேட்டுக் கேட்டுச் சரி செய்தான். சரீபின் பாஸ் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். ஒரு வருடத்துக்குள் வேறு குழுக்களும் அவனைக் கூப்பிட்டன. கடலுக்குப் போவது குறைந்தது.

கற்பிட்டியில் ஒருவர் நல்ல பாஸ் கிற்றார் விற்பதாக ஒருநாள் சரீப் கேள்விப்பட்டான்.

"நீ எடுக்கிறதெண்டா நான் இடது பக்கத்த விட்டுடுறன்" என்றான்.

நிக்கொலஸ் வயரைச் சுற்றியபடியே சொன்னான். "வேணாம் மச்சான். அங்க மேடையில நிண்டா என்ட சத்தம் மட்டும்தான் கேக்கும். இங்க எல்லாருடையதும் கேக்குது."

சரீப் அதை முழுக்க நம்பவில்லை. ஆனால் மறுபடி கேட்கவும் இல்லை.