மனுவின் ஒன்பதாவது வரி

அந்த மனுவில் பதினொரு வரிகள். எட்டாவது வரி முடியும்போது பேனாவில் மை வற்றிவிட்டது. புட்டியில் தொட்டு எழுதியதால் ஒன்பதாவது வரி மட்டும் மற்றவற்றைவிடக் கறுப்பாக விழுந்தது. எழுதியதை எல்லாம் நாட்குறிப்பில் பதிந்துவைப்பது என் வழக்கம். அந்த மனுவையும் வரி மாறாமல் பதிந்திருக்கிறேன். இத்தனை வருடங்களில் அந்தப் பக்கத்தை எத்தனை முறை திறந்தேன் என்பதை மட்டும் எங்கும் எழுதிவைக்கவில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. பொன்னேரியில் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் நான் 'ரைட்டர்'. என்னிடம் அந்த மனுவை எழுதிக்கொண்ட பாய் பழவேற்காட்டுக்காரர். கவரைப்பேட்டை ரயிலடிக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கிடங்கு வைத்திருந்தார். கடற்கரையிலிருந்து வண்டியில் வரும் கருவாட்டை ஒன்பது பெண்கள் தரம் பிரிப்பார்கள், மூட்டைகள் ரயிலேறும். அவருடைய குடும்பமும் அந்த ஒன்பது குடும்பங்களும் அந்தக் கிடங்கை நம்பித்தான் இருந்தன. ஒருநாள் ஓர் அதிகாரியிடமிருந்து உத்தரவு வந்தது. நாற்றம் அடிக்கிறதாம், லைசென்ஸ் ரத்தாம், ஏழு நாளில் மூட வேண்டுமாம். அதற்கு முன் ஒருவரும் வந்து பார்க்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ரைட்டரே, கருவாடு நாறாம ரோசாப்பூவா மணக்கும்? ஒரு மாசம் தவணை குடுத்தா வேற எடம் பாத்துக்கினு பூடுவேன். அத்த எழுதிக் குடு" என்றார்.

எழுதினேன். அந்தக் காலத்து மனுக்களில் சில வரிகள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். பணிவாக இல்லாத மனுவை அதிகாரியின் மேசைக்கே கொண்டுபோக மாட்டார்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒன்பதாவது வரியாக வழக்கம்போல எழுதினேன்: 'தாங்கள் என்னை நேரில் விசாரித்து இட்ட உத்தரவுக்குக் கட்டுப்படுகிறேன், என் குறையைப் பொறுத்தருள வேண்டும்.' விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை. அப்படி எழுதுவதை நானும் பொய்யாக நினைக்கவில்லை, பாயும் நினைக்கவில்லை. வாசித்துக் காட்டினேன், தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

தவணை கிடைக்கவில்லை. பொன்னேரி வக்கீல் ஒருவர், அந்த உத்தரவை எதிர்த்து ஹைகோர்ட்டில் ரிட் மனு போடலாம் என்றார். அவர் எங்களுக்கு விளக்கியதை அன்றே குறித்துக்கொண்டேன். தொழில் செய்யும் உரிமை குடிமகனுக்கு உண்டா என்று கோர்ட் முதலில் பார்க்கும். அதில் கைவைக்க அதிகாரிக்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று பார்க்கும். கொடுத்தாலும், ஊர் நலத்துக்குத் தேவையான அளவோடு நின்றாரா, மீறினாரா என்று எடைபோடும். நாற்றத்துக்குக் கூரை போடச் சொல்லலாம், மூட்டையை மூடி வைக்கச் சொல்லலாம். கிடங்கையே மூடச் சொல்வது அளவு மீறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவன் பிழைப்பைப் பறிக்குமுன் அவனைக் கேட்டாக வேண்டும்.

"உம்மைக் கேட்டாங்களா பாய்?" என்றார் வக்கீல்.

"யாரும் கேக்கல, சார். அல்லா மேல ஆணை."

"அப்ப கவலைய வுடும். உம்ம கருவாட்டு வாசனை ஹைகோர்ட் வரைக்கும் போவப்போவுது."

பாய் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. தவணை கேட்டு மனு கொடுத்ததை நாங்கள் இருவருமே வக்கீலிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. 'என்னை விசாரிக்கவே இல்லை' என்று பிரமாண வாக்குமூலம் தயாரானது. தீர்ப்பு வரும்வரை கிடங்கைப் பூட்டக் கூடாது என்று தடையும் கிடைத்தது.

விசாரணை நாளில் காலை ரயிலில் சென்னைக்குப் போனோம். எங்கள் தரப்பு வாதத்தை நீதிபதி கவனமாகக் கேட்டார். இரண்டு முறை தலையசைத்தார். பிறகு அரசு வக்கீல், அன்று காலைதான் தாக்கல் செய்த பதிலோடு ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அது நான் எழுதிய தவணை மனு என்று கடைசி வரிசையிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. நடுவே ஒரு வரி மட்டும் கறுப்பு.

எழுந்து நின்றேன். அது மரியாதைக்காக எழுதியது, எல்லா மனுவிலும் எழுதுவது, எழுதியவன் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். சேவகர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். ரிட் வழக்கில் பெரும்பாலும் சாட்சிக் கூண்டு கிடையாது. காகிதமும் காகிதமும்தான் பேசிக்கொள்ளும். எங்கள் வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தார். 

நீதிபதி உரிமையையும் எடைபோடவில்லை, அளவையும் பார்க்கவில்லை. முக்கியமான ஓர் உண்மையை மறைத்துவிட்டு வந்தவருக்கு இந்த நீதிமன்றம் உதவாது என்றார். மனு தள்ளுபடி, தடை ரத்து. எல்லாம் பத்து நிமிடத்துக்குள்.

வராந்தாவில் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வரி நான் எழுதினது பாய். நீங்க அப்படி எழுதச் சொல்லவே இல்ல" என்றேன்.

"நீ படிச்சிக் காட்டினியே ரைட்டரே. நானுந்தான கேட்டுக்கினு இருந்தேன்" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் இதை நான் எழுத வேண்டியிருந்திருக்காது.

கவரைப்பேட்டையில் நாங்கள் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஒன்பது பெண்களும் கிடங்கு வாசலிலேயே இருந்தார்கள். மூத்தவள் எழுந்து வந்தாள்.

"இன்னா பாய், பேசாம வர்ற? ஜட்ஜி ஐயா உன்ன இன்னா கேட்டாரு?"

பாய் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன யாரும் ஒண்ணும் கேக்கல ஆயா" என்றார்.