எழுத வந்தது, படிக்க வரவில்லை

“இன்னைக்குப் பேப்பரைப் பாத்தீங்களா சாமி? ஏதோ தெரியாத பாஷையில அச்சடிச்சுப் போட்டிருக்காங்க” என்று மேடம் தொலைபேசியில் சொன்னபோது, விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். என் மேசையிலும் அதே நாளிதழ்தான் கிடந்தது. எப்போதும்போலத் தமிழில்தான் இருக்கிறது என்றேன். “அப்படிங்களா” என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் உடனே கிளம்பினேன்.

அஸ்தம்பட்டியில் அவர் வீட்டிலிருந்து நேராக மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மூளையின் பின்பகுதியில் சிறிய ரத்த அடைப்பு என்றார்கள். கைகால்களுக்கு ஒன்றுமில்லை, பேச்சும் குழறவில்லை. மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்துப் பெயரை எழுதச் சொன்னார். மேடம் தன் வழக்கமான சாய்ந்த கையெழுத்தில் எழுதினார். அதைப் படிக்கச் சொன்னதும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது யாரு எழுதுனதுங்க?” என்று கேட்டார். எழுத வரும், படிக்க மட்டும் வராது என்று மருத்துவர் விளக்கினார். இப்படியும் ஒருவருக்கு நேருமா என்று நினைத்தேன். அதுவும் இவருக்கு.

மேடம் எங்கள் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியை, நான் நூலகர்; பிரியமானவர்களை அவர் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார். புத்தகங்களையும் அவற்றைப் படித்தவர்களையும் பற்றியே அவர் காலமெல்லாம் ஆராய்ந்தார். எந்த வீட்டில் என்ன புத்தகம் இருந்தது, அதை யார் இரவல் வாங்கினார்கள் என்று ராசிபுரம் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகக் கேட்டு அலைவார். வெண்ணந்தூரில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத மற்றவர்கள் தறியில் இருந்தபடியே கேட்பார்களாம். அவர்களும் வாசகர்கள்தான் என்பது அவருடைய புத்தகத்தின் வாதம். கேட்பது எப்படி வாசிப்பாகும் என்று ஒரு கருத்தரங்கில் பெரியவர் ஒருவர் ஏளனமாகக் கேட்டபோது, அரங்கமே அடங்கும்வரை நின்று பதில் சொன்னவர் அவர். அந்தப் புத்தகம்தான் அவரை வெளி மாநிலங்கள் வரை கொண்டு சேர்த்தது.

அதனால் நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். மாலைதோறும் போய்ப் படித்துக் காட்டினால் போயிற்று. ஒருநாள் அவர் புத்தகத்தையே எடுத்துப் படித்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“போதும் சாமி. நான் எழுதுனது தப்புங்க.”

மருத்துவமனையில்கூட நான் அப்படி அதிர்ந்துபோகவில்லை. “என்ன மேடம் சொல்றீங்க?” என்றேன்.

“நீங்க மூச்சு விடற எடத்துலதான் நானும் நிக்கோணும். எனக்கு வேணுங்கற எடத்துல நிக்க முடியல. கேக்கறவங்க அடுத்தவங்க வாய்க்குக் கட்டுப்பட்டவங்க. அத நான் ஒரு வரி எழுதலயே.”

அவர் குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. உங்களுக்கு உடம்பு சரியில்லாததால் அப்படித் தோன்றுகிறது என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்காமல் தாள் கேட்டார். அடுத்த பதிப்புக்கென்று ஒரு புது அத்தியாயம் எழுதத் தொடங்கினார். எழுதியதை அவரால் படிக்க முடியாது. நடுவில் நிறுத்திவிட்டால், நான் கடைசி வரியைப் படித்துச் சொன்ன பிறகே தொடர்வார். தன் வாதத்தைத் தானே மறுக்கும் வரிகளை என் வாயால் கேட்டுத் திருத்திக்கொண்டே போனார்.

இதற்கிடையே மறுபடி படிக்கப் பயிற்சி கொடுக்க வந்த பெண், எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தால் கை அடையாளம் கண்டுகொள்ளும் என்று சொல்லிப் பழக்கினாள். மேடம் நாள்தோறும் பிடிவாதமாகச் செய்தார்.

புதிய பதிப்பு போன வாரம் வந்தது. முதல் பிரதியோடு போனேன். படிக்கட்டுமா என்றேன். வேண்டாமென்று புத்தகத்தை வாங்கி மடியில் வைத்து, புது அத்தியாயத்தைப் பிரித்துத் தரச் சொன்னார். ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாக வரைந்து, உதடு அசைய ஒரு வரியைக் கடந்தார். அதற்குள் நான் கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிவிட்டது. இரண்டாவது வரியின் பாதியில் விரல் நின்றது. சிக்கிக்கொண்டாரோ என்று பதறி, அடுத்த சொல்லைச் சொல்ல வாயெடுத்தேன்.

“இருங்க சாமி,” என்றார். “தெரியாம நிக்கல. நானாத்தான் நிக்கறேன்.”